ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டியில் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். பக்கத்து நிலத்தில் அப்போதும் யாரோ நெல் போட்டுக்கொண்டிருந்தார்கள், வரப்புக்கு நடுவே மனைக்கற்களும் நட்டிருக்கும். வண்டி வந்து நின்றதும் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். டிவி வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அக்கா, "கலர்தானே?" என்று கேட்டார். "பச்சை மட்டும்தான்க்கா தெரியும்" என்றேன். பாவம், ஏமாந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அவர் நினைத்தது முகத்திலேயே எழுதியிருந்தது.

என் கணவர் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் டர்னர். பட்டறை ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததும் பழசைக் கழித்துக்கட்ட முடிவு செய்தார்கள். முதலாளி எடைக்குப் போடச் சொன்னதை இவர் கேட்டு வாங்கி, ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "நீ கத்துக்கணும் கத்துக்கணும்னு சொல்லிகினே இருந்தியே, தோ வந்துட்ச்சி, கத்துக்கோ" என்று மேசை மேல் இறக்கி வைத்தார். அது என்ன செய்யும், எதற்கு உதவும் என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் தெரிந்ததுபோல் தலையாட்டினேன்.

நான் பி.எஸ்ஸி. கணிதம். முதல் வகுப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று இவர் கிண்டல் செய்வார். படித்து முடித்த கையோடு கல்யாணம், பிறகு மகள், பிறகு வீடு. மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் வேலை தேடிப் புறப்பட்டேன். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சோறு வடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம்தான் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஏசி குளிரும். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், அவர்களுக்கு நடுவே புடவை கட்டிய ஒரே ஆள் நான். சொல்லிக்கொடுத்த சாருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். முதலில் டாஸ், பிறகு சி மொழி. போர்டில் அவர் எழுதுவது எனக்கு உடனே பிடிபட்டது. கணக்குப் படித்தவளுக்கு அது புதிய ஊர் என்றாலும் தெரிந்த வழிதான்.

சிக்கல் லேப்பில். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கீபோர்டு எப்போதும் பையன்கள் கையில் இருக்கும். "நீங்க சொல்லுங்கக்கா, நான் அடிக்கிறேன்" என்பான் ஒருவன், ரொம்ப மரியாதையாக. நான் சொல்வேன், அவன் அடிப்பான், புரோகிராம் ஓடும், நேரம் முடிந்துவிடும். சில மாதங்கள் ஓடியும் நான் நிம்மதியாக உட்கார்ந்து தட்டிய வரிகள் கொஞ்சம்தான். கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அக்கா என்று கூப்பிட்டுவிட்டானே என்று அடக்கிக்கொள்வேன்.

பூஜை விடுமுறைக்கு முந்தைய வகுப்பில் சார் ஒரு செய்தி சொன்னார்.

"குரோம்பேட்டைல நம்ம புது பிராஞ்ச் வருது. அங்க லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர் வேணும். வெளியில தேட வேணாம், இந்த பேட்ச்லருந்தே எடுத்துக்கலாம்னு இருக்கேன். லீவு முடிஞ்சு வந்ததும் ஒரு டெஸ்ட். கம்ப்யூட்டர் முன்னாடி தனியா உட்காரணும், யாரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க. இஷ்டப்பட்டவங்க வரலாம்."

தனியாக என்ற சொல் எனக்கு மணி அடித்தது. இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று கேட்காமல், என்ன தெரியும் என்று கேட்கிற ஒரு வேலை. இது கை நழுவினால் இன்னொன்று எப்போது வரும் என்று தெரியாது. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வெறியோடு நினைத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

எல்லோரும் போன பிறகு சாரிடம் போய் நின்றேன். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் சி கிடையாது, விடுமுறையில் போட்டுப் பழகிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு அலமாரியைத் திறந்து நான்கு ஃப்ளாப்பிகளை எடுத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. ஒரு அகலமான கருப்புச் சதுரம், வளைத்தால் வளையும். அந்தக் கருப்புச் சட்டைக்குள் வட்டமாக ஒரு மெல்லிய தகடு இருக்கும். சட்டையில் ஒரு நீளமான திறப்பு, அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும். மேலே போர்த்த ஒரு காகித உறை.

"மேடம், இதுதான் ஒரிஜினல் செட். இன்னொரு காப்பி என்கிட்ட இல்ல. வெயில் படக் கூடாது, ஸ்பீக்கர் பக்கத்துல வைக்கக் கூடாது. முக்கியமா இந்தத் திறப்பு. இதுல விரல் பட்டாலே போச்சு."

"என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன் சார்."

"டெஸ்ட் அன்னிக்கு இது எனக்கு வேணும். மறந்துடாதீங்க."

அந்த நான்கையும் புடவைத் தலைப்பில் சுற்றி, பஸ்ஸில் நெரிசல் குறையும்வரை மூன்று பஸ்களை விட்டு, ஜன்னலோர சீட் கிடைத்த வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கொண்டு வந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் இவரிடம் அந்தத் திறப்பைக் காட்டி, இது வழியாகத்தான் கம்ப்யூட்டர் படிக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். மகளிடம், "இதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவேன்" என்று சொல்லி வைத்தேன். தொடப்போகிற ஆள் அவள் இல்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. காலையில் பட்டறையில் பூஜை முடித்துக்கொண்டு, பொரி கடலைப் பொட்டலமும் வாழைப்பழமுமாக இவர் வந்தார். ஆயுத பூஜை என்றால் இவருக்குத் தலைகால் புரியாது. தீபாவளிகூட இரண்டாம் பட்சம்தான். முந்தின நாளே மண்ணெண்ணெய் போட்டு லேத்தைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அதில் இவருக்கு ஒரு கொள்கை உண்டு. மிஷினுக்கு மேலே, பக்கவாட்டில் எல்லாம் சும்மா அழகுக்கு வைப்பதுதானாம். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே வைக்க வேண்டும். லேத் என்றால் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வாயில், டிரில் என்றால் துளை போடுகிற முனையில். எங்கள் தையல் மிஷினுக்கும் அப்படித்தான், ஊசி இறங்குகிற இடத்தில் வைப்பார். முதல் ஜாக்கெட்டில் வருஷா வருஷம் ஒரு மஞ்சள் புள்ளி விழும்.

நான் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே, "பூஜைக்கு நீங்களே எல்லாம் எடுத்து வச்சிடுங்க. என் புத்தகத்தையும் வைங்க, கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தேன். "நீ உன் வேலையப் பாருமே, நா பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார். நான் வந்தபோது மகளின் பாடப் புத்தகங்கள், என் சி புத்தகம், அவருடைய வெர்னியர் அளவுகோல், தையல் கத்தரி எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தன. நான்கு ஃப்ளாப்பிகளும் காகித உறையோடு என் புத்தகத்தின் மேல் இருந்தன. மானிட்டரின் நெற்றியில் பெரிய பொட்டு. எனக்கு மனம் நிறைந்துபோனது. கற்பூரம் காட்டும்போது அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததை விஜயதசமிக் காலைவரை எடுக்கக் கூடாது. அன்று மாலை முழுவதும் நான் ஃப்ளாப்பிகளைப் பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் முன்னாலேயே எடுத்தால் என்ன என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றி, பொரி சாப்பிடப் போய்விட்டேன்.

விஜயதசமி அன்று மறுபூஜை ஆனதும் உட்கார்ந்தேன். புதிதாகப் படிப்பு ஆரம்பிக்க நல்ல நாள் என்று ஊரே குழந்தைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிற நாள். மகள் வெளியே விளையாடப் போயிருந்தாள். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டருக்கு உயிர் வர ஒரு யுகம் ஆகும். கரகரவென்று சத்தம், பிறகு ஒரு கீச்சு, பிறகு கருப்புத் திரையில் பச்சையாக ஒரு கோடு மினுக்கும். முதலில் சி மொழிக்கு என்று ஒரு தனி அறை ஒதுக்கினேன், டைரக்டரி என்பார்கள். பிறகு முதல் ஃப்ளாப்பியைச் செருகி, தாழ்ப்பாள் மாதிரி இருக்கும் மூடியைத் திருகிவிட்டு, அதிலிருப்பதை எல்லாம் உள்ளே எடுத்துக்கொள்ளும்படி கட்டளை அடித்தேன். கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. என் விரல்கள் அடித்து, என் வீட்டில், யாரும் "நான் அடிக்கிறேன்க்கா" என்று கையை நீட்டாமல் நடந்த முதல் காரியம் அது. சிரித்துவிட்டேன்.

பாதியில் விளக்கு மங்கி, திரை அணைந்து, கம்ப்யூட்டர் மறுபடி முதலிலிருந்து கரகரக்க ஆரம்பித்தது. கீழே அக்கா தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டார். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் மோட்டார் ஓடினால் மின்விசிறிகூடச் சோம்பல் முறிக்கும். இவர் எழுந்து கீழே போனார்.

"யக்கா, கொஞ்ச நேரம் மோட்டரு போடாதீங்க. மேல படிப்பு நடந்துகினு கீது."

"யாருக்குப் படிப்பு, பொண்ணுக்கா?"

"பொண்ணோட அம்மாவுக்கு."

அக்கா சிரித்தது மாடிவரை கேட்டது. ஆனால் மோட்டாரை நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஃப்ளாப்பி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. நான்காவதை உறையிலிருந்து உருவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் செருகி, மூடியைத் திருகினேன்.

ஒரு சத்தம் வந்தது. தேங்காய் துருவுகிற சத்தம். திரையில் மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒரு கேள்விக்குறியும் வந்து நின்றன.

"இன்னா கேக்குது?" என்றார்.

"படிக்க முடியலையாம். அபார்ட், ரீட்ரை, ஃபெயில்னு கேக்குது. விட்டுடவா, மறுபடி பாக்கவா, தோத்துப்போகவான்னு."

"இது இன்னா கேள்வி? மறுபடி பாக்கச் சொல்லு."

ரீட்ரைக்கு உண்டான ஆர் எழுத்தை அழுத்தினேன். மறுபடி துருவியது. மறுபடி அதே கேள்வி. மறுபடி ஆர். மூடியைத் திறந்து ஃப்ளாப்பியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அந்த நீளமான திறப்பின் நடுவில், வட்டமாக, அளவாக, சந்தனம். அதன் மேல் குங்குமம். இழுபட்டு ஒரு செம்மஞ்சள் வளையமாக உள்ளே ஓடியிருந்தது.

"என்னங்க இது?"

அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. "நாதான் வச்சேன்."

"இங்கேயா வைப்பாங்க?"

"நீதானே சொன்னே, இது வயியாத்தான் அது படிக்கும்னு. வேலை நடக்கிற எடம் அதானே? மேலாக்க கீறதுக்கு மட்டும் ஒயுங்கா பொட்டு வச்சு, அப்பால உறையில போட்டேன்."

நான் என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் எழுத முடியாது. லேத்தையும் இதையும் ஒன்றென்று நினைத்தீர்களா என்றேன். கையில் எது கிடைத்தாலும் பொட்டு வைக்கிற வியாதியா என்றேன். சாருக்கு என்ன பதில் சொல்வேன், டெஸ்டில் போய் என்ன செய்வேன், இந்த ஜென்மத்தில் எனக்கு வேலை என்று ஒன்று எழுதியிருக்கவே இல்லை என்று அழுதேன். மோட்டார் வேண்டாம் என்று இவர் சொல்லியிருந்ததால் கீழே அமைதியாக இருந்தது. நான் கத்தியது அக்காவுக்குத் தெளிவாகவே கேட்டிருக்கும்.

அவர் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "உனக்கு நல்லா வரணும்னுதான் வச்சேன்மே. படா பேஜாராப் பூட்ச்சே" என்றார்.

அழுது முடித்ததும் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. என் சுபாவம் அப்படி. கத்தித் தீர்க்காமல் யோசிக்க வராது. வகுப்பில் ஒருநாள் சார் கெட்டுப்போன ஃப்ளாப்பி ஒன்றை வெட்டிக் காட்டியிருந்தார். உள்ளே இருந்தது கேசட் நாடாவைப் போன்ற பழுப்பு நிற வட்டம், அவ்வளவுதான். கேசட் நாடாவில் எங்கள் மகள் ஒருமுறை ரஸ்னாவைக் கொட்டி, நான் ஈரத்துணியால் துடைத்து, அது மறுபடி பாடியிருக்கிறது. நாடா பிழைத்தால் இது ஏன் பிழைக்காது? பயிற்சிக்கு என்று நான் வாங்கி வைத்த வெற்று ஃப்ளாப்பிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் சட்டையைக் கழற்றி இதற்குப் போடலாம்.

"பிளேடு வேணும்" என்றேன். "மெடிக்கல் ஷாப்ல ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிட்டு வாங்க."

வெளியே மழை பிடித்திருந்தது. இவர் குடையைத் தேடக்கூட இல்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நனைந்து வந்து நின்றபோது ஸ்பிரிட் பாட்டில் மட்டும் சட்டைக்குள் காய்ந்திருந்தது. தலையைத் துவட்டச் சொன்னேன். "மொதல்ல அத்தப் பாரு" என்றார்.

முதலில் ஒரு வெற்று ஃப்ளாப்பியின் ஓரத்தைப் பிளேடால் கீறி, உள்ளே இருந்த வட்டத்தை எடுத்துவிட்டுச் சட்டையைத் தயார் செய்தேன். பிறகு சாருடைய ஃப்ளாப்பியை எடுத்தேன். பிளேடை இவரிடம் நீட்டி, "உங்க கைதானே நேரா வெட்டும், நீங்களே கீறுங்க" என்றேன். இரும்பை முடி அகலத்துக்குச் சீவுகிற கை அது. அன்றைக்குப் பிளேடை வாங்க மறுத்தது. "வேணாம்மே, நா தொட்டா மறுபடியும் எதனா ஆயிடும்" என்று பின்வாங்கினார்.

நானே கீறினேன். இன்னொரு காப்பி இல்லை என்று சார் சொன்னது காதிலேயே இருந்தது. கீறாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் அது செத்த ஃப்ளாப்பிதான், கீறினால் ஒருவேளை பிழைக்கும். ஓரம் பிரிந்ததும் நடு ஓட்டையில் விரலை விட்டு அந்த வட்டத்தை மெல்ல இழுத்தேன். அப்பளம் அளவுக்கு ஒரு பழுப்புத் தகடு, அதன் மேல் சந்தன வளையம். குடிக்கிற தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன். தேய்க்கவில்லை. சந்தனம் ஊறி, பேசினில் மஞ்சளாக இறங்கியது. குங்குமம் மட்டும் பிடிவாதம் பிடித்தது, அதை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். இவருடைய பழைய வேட்டியில் கிழித்த துண்டின் மேல் போட்டு மின்விசிறிக்குக் கீழே காயவைத்தோம்.

அதற்குள் இவர் ஸ்க்ரூ டிரைவரோடு கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தார். ஃப்ளாப்பியைத் தொட்டுப் படிக்கிற சின்ன முனையிலும் சந்தனம் ஒட்டியிருக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். "பொட்டு வச்சவன் நான், நானே தொடைக்கிறேன்" என்றார். மிஷின் என்று வந்ததும் தயக்கம் போய்விட்டது. பஞ்சை மூக்குத்தி அளவுக்கு உருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். மூடியை மாட்டி, நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கிவிட்டு எழுந்து தள்ளி நின்றார்.

காய்ந்த வட்டத்தைப் புதுச் சட்டைக்குள் நுழைத்து, கீறிய ஓரத்தை மூடிச் செருகினேன். கட்டளையை அடித்தேன். துருவுகிற சத்தம் வந்தது. திரையில் அதே கேள்வி.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சாமி படத்தையும் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆரு அமுத்து" என்றார்.

அழுத்தினேன். துருவல் கொஞ்சம் இழுத்து, நின்று, பிறகு சாதாரண சத்தமாக மாறியது. ஒரு கோப்பின் பெயர் ஏறியது. அடுத்தது ஏறியது. கடைசிக் கோப்பு ஏறும்வரை நாங்கள் இருவரும் மூச்சுவிட்டோமா என்று தெரியவில்லை. முடிந்ததும் முதல் காரியமாக அந்தக் கோப்புகளை எல்லாம் மீதியிருந்த வெற்று ஃப்ளாப்பியில் நகல் எடுத்துக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. சி வந்து உட்கார்ந்ததே தவிர, கூப்பிட்டால் வரவில்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது. அது எந்த அறையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் விழிக்கும்போதே சொல்லிவைக்க ஒரு கோப்பு உண்டு, அதில் வழியை எழுத வேண்டும் என்று புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். வழியை எழுதினேன். சி திறந்தது. துணைக் கோப்புகளைக் காணோம் என்று அடுத்த புகார். அவை இருக்கும் இடத்தையும் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் இவர், "இப்ப இன்னா சொல்லுது?" என்பார். "இன்னும் குறை சொல்லுது" என்பேன். "மாமியாரு மாதிரி கீதே" என்றார். அவருடைய அம்மாவைப் பற்றி அவரே அப்படிச் சொன்னதில் எனக்கு அன்றைக்கு முதல் முறையாகக் கோபம் தணிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் என் புரோகிராம் ஓடியது. ஆங்கில எழுத்தில் வணக்கம் என்று பச்சையாக ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அது செய்யும். இவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, திரையைப் பார்த்து நிஜமாகவே கைகூப்பினார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. அவர் கீழே போய், "யக்கா, மோட்டரப் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

டெஸ்ட் அன்று முதலில் ஃப்ளாப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன். நான்காவதற்கு மட்டும் சட்டை வேறு, ஓரம் பிரிந்திருந்தது. சார் புருவத்தைத் தூக்கினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எடுத்து வந்த நல்ல நகலையும் மேசையில் வைத்தேன். அவர் ஓரம் பிரிந்த ஃப்ளாப்பியை ஒரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். படித்தது. வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் வாசனை வருது மேடம்" என்றார். சிரித்தாரா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கஷ்டமான புரோகிராம்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒருவருக்கொருவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். சார் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். என் முறை வந்தபோது அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அட்டைப் பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்தது. அதன் மேல் என்னுடைய நகலும் மற்ற மூன்று ஃப்ளாப்பிகளும் இருந்தன.

"இது குரோம்பேட்டைக்குப் போற மிஷின். இதுல சி கிடையாது. புதுசா சேர்றவங்க வந்து உட்கார்ந்தா வேலை செய்யற மாதிரி ரெடி பண்ணிக் கொடுங்க. ஒவ்வொருத்தர் முடிச்சதும் அழிச்சுட்டுதான் அடுத்தவங்களுக்குத் தரேன். லேப் அசிஸ்டென்டுக்கு இதுதானே மேடம் வேலை?"

உட்கார்ந்தேன். அறை ஒதுக்கினேன், முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன். திரையில் அந்த மூன்று சொற்களும் கேள்விக்குறியும். பிறகு பார்த்தேன், பதற்றத்தில் மூடியைத் திருகவில்லை. திருகிவிட்டு ஆரை அழுத்தினேன். அதற்கப்புறம் என் விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. வழியை எழுதினேன், துணைக் கோப்புகளின் இடத்தைக் காட்டினேன், கடைசியில் வணக்கம் சொல்ல வைத்தேன். எழுந்தபோது சார், "பசங்க பாதிப் பேர் வழி எழுதற இடத்துலயே நின்னுட்டாங்க" என்றார். லேப்பில் எல்லாம் தயாராகவே கிடைத்ததால் அதை அவர்கள் செய்து பார்த்ததே இல்லை.

தீபாவளி முடிந்ததும் குரோம்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து, இரண்டு ஸ்டேஷன் நின்றுகொண்டே போய் இறங்குவேன். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு விதி வைத்தேன்: முதல் நாள் எல்லோரும் கீபோர்டில் தனியாக உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஆரம்பித்த வேலை பின்னால் என்னை நாவலூர் சாஃப்ட்வேர் கம்பெனிவரை கொண்டுபோனது தனிக் கதை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. சுண்டல் அடுப்பில் இருந்தது. இவர் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். மானிட்டருக்கு வைக்கப் போனார், கையை இழுத்துக்கொண்டார். கீபோர்டைப் பார்த்தார், அதையும் விட்டுவிட்டார். "எங்க வைக்கிறதுன்னு சொல்லு, வம்பு வேணாம்" என்று குரல் கொடுத்தார்.

"உங்க கொள்கைப்படியே வைங்க. வேலை எங்க நடக்குதோ அங்க" என்றேன், கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று.

அவர் சந்தனத்தை விரலில் தொட்டு, என் நெற்றியில் வைத்தார். அதன் மேல் குங்குமமும் வைத்தார். அளவாக, வட்டமாக, ஒயுங்காக.

"இங்க வச்சா அபார்ட்டு ரீட்ரைன்னு கேக்காதே?" என்றார்.

கேட்கவில்லை. சுண்டல் அடிப்பிடித்துவிட்டது, அதைத்தான் அன்றைக்குப் படைத்தோம்.